ஒரு நாள் தண்ணீர், ஒரு நிமிடத் தண்ணீர்: புது அடுக்குமாடிக்குத் தண்ணீர்க் கணக்குப் போடுவது எப்படி?

நாகர்கோவிலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. ஐந்தாம் மாடிக் குளியலறைகளில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது, வந்து பாருங்கள் என்று சங்கச் செயலாளர் கூப்பிட்டிருந்தார். குழாய் வரைபடம் போடுவது என் தொழில். மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்தேன். இரண்டு தொட்டிகள். ஒன்று வீட்டுப் புழக்கத்துக்கு. இன்னொன்றில் சிவப்புப் பெயின்டில் 'தீ' என்று எழுதியிருந்தது. அந்த மூடியைத் தூக்கினால் உள்ளே முழங்கால் அளவு தண்ணீர்தான் இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு பித்தளை வால்வு, முழுக்கத் திறந்தபடி.

"இத எப்ப தொறந்தது அண்ணாச்சி?" என்று பிளம்பரிடம் கேட்டேன்.

"பங்குனியில வெள்ளத்துக்கு ரொம்பக் கஷ்டமாயிட்டு சார். மேல இவ்வளவு வெள்ளம் சும்மாதானே கெடக்குன்னு தொறக்கச் சொன்னாங்க."

எங்கள் மாவட்டத்தில் குடிக்கிற தண்ணீருக்கும் வெள்ளம் என்றுதான் பெயர். வெளியூர்க்காரர்கள் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது அந்தச் 'சும்மா' என்ற சொல்லுக்குத்தான். ஒரு கட்டடத்தில் இரண்டு விதத் தண்ணீர் உண்டு. ஒன்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டியது. இன்னொன்று சும்மா கிடக்க வேண்டியது. ஒன்றை நாள் கணக்கில் அளப்போம், மற்றதை நிமிடக் கணக்கில். புதிதாக அடுக்குமாடி கட்டுகிறவர்களும் வாங்குகிறவர்களும் பெரும்பாலும் முதல் கணக்கோடு நின்றுவிடுகிறார்கள்.

கணக்குக்கு ஒரு கட்டடத்தை வைத்துக்கொள்வோம். கீழே கார் நிறுத்தத் தூண்தளம், அதற்கு மேல் ஐந்து மாடி, மாடிக்கு எட்டு வீடு, ஆக 40 வீடு. உயரம் ஏறத்தாழ 18 மீட்டர். இடம் உங்கள் விருப்பம், பார்வதிபுரமோ தக்கலையோ மார்த்தாண்டமோ.

நாள் கணக்கு

வீட்டுக்கு ஐந்து பேர் என்று வைத்தால் 200 பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டில் நகர்ப்புறத் திட்டங்களுக்கு வழக்கமாக எடுக்கும் அளவு. குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ எல்லாம் சேர்த்து 90 லிட்டர். கழிப்பறை ஃபிளஷ்ஷுக்கு 45 லிட்டர். 200 பேருக்கு 27,000 லிட்டர் ஆகிறது. இது ஒரு நாள் தேவை.

இந்த 27,000 சரியா என்று கேட்டால், சரிதான், ஆனால் கொஞ்சம் இறுக்கமானது. கிறிஸ்துமஸுக்கு வளைகுடாவிலிருந்து பிள்ளைகள் வந்திறங்கும் வாரத்தையோ, ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் அந்த மூன்று நாட்களையோ இந்தக் கணக்கு தாங்காது. அந்த நாட்களை வைத்துத் தொட்டியைக் கட்டினாலோ மீதி நாளெல்லாம் தண்ணீர் தேங்கி நாறும். அதனால் சராசரிக்குக் கட்டி, தரைத்தொட்டியில் கையிருப்பு வைப்பதுதான் வழக்கம்.

தரைத்தொட்டியைத்தான் எல்லாரும் சம்ப் என்கிறோம். ஊர்க் குழாயில் தண்ணீர் தினமும் வராது, முறை வைத்து வரும். ஆகவே குறைந்தது இரண்டு நாள் தேவையாவது சம்பில் நிற்க வேண்டும். 54,000 லிட்டர் என்றால் 54 கன மீட்டர். 6 மீட்டர் நீளம், 4.5 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர். மேலே ஓரடிக் காலியிடமும் விட வேண்டும். வரைபடத்தில் சின்னப் பெட்டியாகத் தெரியும் இது, தூண்தளத்தில் இரண்டு கார் நிற்கும் இடத்தை எடுத்துக்கொள்ளும். கார் நிறுத்தத்தை விற்றுவிட்ட பிறகு சம்புக்கு இடம் தேடிய ஒரு மனையை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும்? தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டுமே நனைக்கிற மாவட்டம் இது. பேச்சிப்பாறை அணை 1906-இலேயே கட்டி முடிந்துவிட்டது; பெருஞ்சாணி, சிற்றாறு அணைகள் உண்டு; நாகர்கோவிலுக்குக் குடிநீர் தர முக்கடல் அணை இருக்கிறது. இத்தனை இருந்தும் மாசி, பங்குனியில் டேங்கர் லாரி வருகிறது. அணையில் இருக்கும் தண்ணீர் உங்கள் சம்பில் இருக்கும் தண்ணீர் இல்லையே. 12,000 லிட்டர் லாரி ஒன்று வந்தால் நம் 40 வீட்டுக்கு அரை நாளுக்குக் கூடக் காணாது.

கடலோரம் என்றால் இன்னொரு சங்கடம் உண்டு. குளச்சல், மணக்குடி, கன்னியாகுமரிப் பக்கம் மனை வாங்கி, 'போர் போட்டால் தண்ணீர் வந்துவிடும்' என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கடலோர மணலுக்கடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. கடல்நீர் நன்னீரைவிடச் சற்றே கனம், ஏறத்தாழ 1,000-க்கு 1,025. இந்தச் சின்ன வித்தியாசத்தால், கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும். இதைத் திருப்பிப் படியுங்கள்: நாற்பது வீட்டுக்கு இரவு பகலாக மோட்டார் ஓட்டி, மேலே நீர்மட்டத்தை ஒரு மீட்டர் இறக்கினால், கீழே உப்புத் தண்ணீர் காலப்போக்கில் 40 மீட்டர் ஏறி வரப் பார்க்கும். முதல் வருடம் இனித்த கிணறு மூன்றாம் வருடம் கரிப்பது இப்படித்தான்.

குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தரநிலை. வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை போகலாம். அதற்கும் மேல் போன கிணற்றை மூடிவிட வேண்டும் என்பதில்லை. 135-இல் 45 லிட்டர் ஃபிளஷ்ஷுக்குத்தான் போகிறது என்று பார்த்தோமே, அது மூன்றில் ஒரு பங்கு. அந்த 9,000 லிட்டருக்குத் தனித் தொட்டி, தனிக் குழாய் என்று முதலிலேயே பிரித்துவிட்டால் கரிக்கும் தண்ணீர் அதற்கு உதவும். பிளாஸ்டிக் குழாய் போட்டால் உப்பு அரிக்காது. கட்டிய பிறகு பிரிப்பது என்பது நாற்பது குளியலறைச் சுவரை உடைப்பது.

மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயம். 1,000 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 100 மி.மீ. மழை பெய்தால் ஒரு லட்சம் லிட்டர் விழுகிறது. சிந்தியது சிதறியது போக 80,000 சேரும். நம் கட்டடத்துக்கு மூன்று நாள் தண்ணீர். பெய்வதைக் குழி வெட்டி மண்ணுக்குள் இறக்கினால், கடலோரத்தில் அந்த நன்னீர் மெத்தை கொஞ்சம் தடிக்கும்.

கடைமடை வீடு

சம்பிலிருந்து மேல்தொட்டிக்கு ஏற்ற வேண்டும். அரை நாள் தேவை மேலே இருந்தால் போதும், 14,000 லிட்டர். ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் மோட்டார் ஓடும் என்றால் நிமிடத்துக்கு 112 லிட்டர் ஏற்ற வேண்டும். 2 எச்.பி. மோட்டார் தாராளமாகப் போதும். இந்த 112-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

இனி அழுத்தம். தண்ணீர் பத்து மீட்டர் உயரத்தில் நின்றால் கீழே சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் தரும். அழுத்தத்தைப் பற்றித் தொடக்க நிலையில் தெரிய வேண்டியது கிட்டத்தட்ட இவ்வளவுதான். குழாயில் வேகம் வேண்டுமென்றால் உயரம் வேண்டும், அல்லது உயரத்துக்குப் பதிலாக பம்ப் வேண்டும்.

நாஞ்சில் நாட்டு விவசாயிக்குக் கடைமடை என்றால் விளக்க வேண்டாம். கால்வாயின் கடைசி வயல். அங்கே தண்ணீர் எட்டிவிட்டால் நடுவில் உள்ள எல்லாருக்கும் எட்டியிருக்கும். குழாய்க் கணக்கும் அதேதான். கடைமடையில் எவ்வளவு அழுத்தம் கிடைக்கிறது என்று பார்த்துவிட்டால் மற்றதைப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் அடுக்குமாடியில் கடைமடை எது? தொட்டிக்கு மிக அருகில் இருக்கும் வீடு! ஐந்தாம் மாடிக்காரர் தலைக்கு மேலேயே தொட்டி இருக்கிறது, ஆனால் அவர் ஷவருக்கும் தண்ணீர் மட்டத்துக்கும் இடையே நான்கு மீட்டர் கூட இருக்காது. நல்ல ஷவருக்கு ஐந்து மீட்டராவது வேண்டும். முதல் மாடிக்காரருக்கோ பன்னிரண்டு மீட்டர் கூடுதலாகக் கிடைக்கிறது. அவர் குழாயைத் திறந்தால் வாளி துள்ளும். மேல் இரண்டு மாடிக்கு மட்டும் ஒரு சின்ன பிரஷர் பம்ப் வைத்தால் பிரச்சினை தீரும். அல்லது தொட்டியை உயர்த்தலாம், அதற்கு ஸ்ட்ரக்சரல் எஞ்சினியர் முகத்தைச் சுளிப்பார். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நிமிடக் கணக்கு

சரி, தீக்கு வருவோம். இங்கே 'ஒரு நாளைக்கு எவ்வளவு' என்று கேட்டால் பதில் கிடையாது. தீ வருடக்கணக்காக வராமலும் இருக்கும். வந்தால், ஒரு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், எவ்வளவு அழுத்தத்தில், எத்தனை நிமிடம் என்று மூன்று கேள்விகள். இந்த நிமிட அளவைத்தான் ஃபயர் ஃப்ளோ என்கிறார்கள். தீயணைப்பு நீரோட்டம் என்று சொல்லலாம்.

தண்ணீர் எப்படி நெருப்பை அணைக்கிறது? சூட்டைக் குடித்துத்தான். ஒரு லிட்டர் தண்ணீர் கொதித்து முழுக்க ஆவியாகும்போது 2.5 மெகாஜூலுக்கு மேல் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. காய்ந்த மரம் ஒரு கிலோ எரிந்தால் 16 மெகாஜூல் அளவில் வெளிவிடும். கட்டில், அலமாரி, மெத்தை, திரைச்சீலை என்று ஓர் அறையில் நூற்றுக்கணக்கான கிலோ கிடக்கிறது, அடிக்கிற தண்ணீரில் பாதிக்கு மேல் சுவரில் பட்டு வீணாக ஓடிவிடும். நெருப்பு சூட்டை வெளிவிடும் வேகத்தைவிடத் தண்ணீர் அதை இழுக்கும் வேகம் கூடுதலாக இருக்க வேண்டும். சொட்டுச் சொட்டாக ஒரு லட்சம் லிட்டர் ஊற்றினாலும் பயனில்லை. நிமிடக் கணக்கு என்பதன் காரணம் இதுதான். (அடுப்பில் எண்ணெய் பற்றினாலும் மின்சாரத்தில் தீப்பிடித்தாலும் தண்ணீர் அடிக்கக் கூடாது, அது வேறு பாடம்.)

இந்த நீரோட்டத்தை யார் தர வேண்டும்? அமெரிக்கா போன்ற நாடுகளில் தெருக்குழாய் தரும். இருபத்துநாலு மணி நேரமும் அழுத்தத்தோடு நிற்கும் குழாய், தெரு ஓரம் ஹைட்ரன்ட், அதாவது தீயணைப்புக் குழாயைச் செருகும் வாய். புதுக் குடியிருப்பு கட்டும் முன் ஒரு ஹைட்ரன்ட்டைத் திறந்துவிட்டுப் பாய்வதை அளப்பார்கள். பக்கத்து ஹைட்ரன்ட்டில் அழுத்தம் எவ்வளவு மிஞ்சுகிறது என்று அப்போதே பார்ப்பார்கள். அது 14 மீட்டர் தண்ணீர் உயரத்துக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது அங்குள்ள நடைமுறை. இறங்கினால் எங்காவது குழாயில் வெற்றிடம் உண்டாகி, விரிசல் வழியே சாக்கடையை உறிஞ்சிவிடும்.

நம் நாட்டிலும் ஊர் அளவில் ஒரு சூத்திரம் இருக்கிறது. மத்திய அரசின் குடிநீர் வழங்கல் கையேடு சொல்வது: 50,000 பேருக்கு மேற்பட்ட ஊர் என்றால், மக்கள்தொகையை ஆயிரத்தில் எழுதி, வர்க்கமூலம் எடுத்து, 100-ஆல் பெருக்கினால் வரும் கிலோலிட்டர் தீயணைப்புக்கு. 2011 கணக்கெடுப்பில் நாகர்கோவிலின் மக்கள்தொகை சுமார் 2.25 லட்சம். ஆயிரத்தில் 225, வர்க்கமூலம் 15. ஆக 1,500 கிலோலிட்டர், அதாவது 15 லட்சம் லிட்டர். இதில் மூன்றில் ஒரு பங்கு, 5 லட்சம் லிட்டர், ஊர்த் தொட்டிகளில் எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும்.

கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முறை வைத்து வரும் குழாயில், முறை இல்லாத நேரத்தில் தீப்பிடித்தால்? தொட்டியில் தண்ணீர் இருக்கும், தெருக் குழாயில் இருக்காது. தீயணைப்பு வண்டி கொண்டுவருவது பெரும்பாலும் 4,500 லிட்டர். நிமிடத்துக்கு 900 லிட்டர் அடித்தால் ஐந்து நிமிடம். அப்புறம் வண்டி நிரப்பப் போக வேண்டும், கோட்டாறு கடைத்தெருவில் சாயங்கால நேரம் என்றால் போய்த் திரும்புவது எவ்வளவு நேரம் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

அதனால்தான் நம் ஊரில் தீக்கான தண்ணீரைக் கட்டடமே சுமந்து நிற்க வேண்டியிருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, 15 முதல் 35 மீட்டர் உயரமுள்ள அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் கேட்பது இது: மொட்டைமாடியில் 25,000 லிட்டர் தொட்டி, நிமிடத்துக்கு 900 லிட்டர் தள்ளும் பம்ப், அங்கிருந்து மாடிதோறும் இறங்கும் ஒரு குழாய். மேலிருந்து கீழே வருவதால் அதற்கு டவுன்கமர் என்று பெயர். ஒவ்வொரு மாடியிலும் அதிலிருந்து இரண்டு வாய். ஒன்று, சக்கரத்தில் சுற்றி வைத்த மெல்லிய ரப்பர்க் குழாய், ஹோஸ் ரீல். குடியிருப்பவர் யாரும் இழுத்துக்கொண்டு ஓடலாம். மற்றது 63 மி.மீ. ஹைட்ரன்ட், அது பழகிய தீயணைப்பு வீரர் கைக்கு, நாம் பிடித்தால் நம்மையே தூக்கி அடிக்கும். உயரம் 35 மீட்டரைத் தாண்டினால் தரைக்கடியிலும் தனித் தீத்தொட்டி, கீழிருந்து மேலே தள்ளும் வெட் ரைசர் என்று வேலை பெருகும்.

25,000-ஐ 900-ஆல் வகுத்தால் 28 நிமிடம் கூட இல்லை. 200 பேர் ஒரு நாள் முழுக்கப் புழங்குகிற அளவுத் தண்ணீர் அரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். காலையில் எல்லா வீட்டிலும் குளிக்கிற நேரத்தில், சராசரியைப் போல மூன்று மடங்கு ஓடுகிறது என்று வைத்தாலும் வீட்டுத் தண்ணீர் நிமிடத்துக்கு 56 லிட்டரைத் தாண்டாது. தீ கேட்பது அதைப்போல் பதினாறு மடங்கு. வீட்டுக் குழாயிலிருந்தே ஒரு கிளை எடுத்துத் தீக்கும் விட்டுவிடலாமே என்று கேட்பவர்களுக்கு இந்தப் பதினாறுதான் பதில்.

குழாயின் தடிமன்

ஒரு காண்டிராக்டர் என்னிடம் வாதாடினார்: நான்கு இஞ்ச் இரும்புக் குழாய்க்குப் பதில் இரண்டு இஞ்ச் போட்டால் என்ன, பம்ப் அதேதானே?

தண்ணீர் குழாயில் ஓடும்போது சுவரில் உரசி அழுத்தத்தை இழக்கிறது. விட்டம் பாதியானால் அந்த இழப்பு இரண்டு மடங்காகும் என்று மனசு சொல்லும். உண்மையில் ஏறத்தாழ முப்பது மடங்காகிறது. நிமிடத்துக்கு 900 லிட்டர், 20 மீட்டர் நீளம் என்று நான் போட்டுக் காட்டினேன். நான்கு இஞ்ச் குழாயில், அதாவது 100 மி.மீ., இழப்பு சுமார் ஒரு மீட்டர். இரண்டு இஞ்ச் குழாயில் 27 மீட்டர். கடைமடை ஹைட்ரன்ட்டில் நமக்கு வேண்டியது 35 மீட்டருக்கு ஒத்த அழுத்தம், சதுர சென்டிமீட்டருக்கு மூன்றரைக் கிலோ. பம்ப் தள்ளுவதே அவ்வளவுதான் என்றால், அதில் 27-ஐக் குழாய் தின்றுவிடும். மிச்சம் எட்டு. எட்டு மீட்டர் அழுத்தத்தில் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றலாம். அவர் கொஞ்ச நேரம் கால்குலேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நான்கு இஞ்சே போடச் சொன்னார்.

பம்புக்கும் இதே கணக்கு. வீட்டுத் தண்ணீர் நிமிடத்துக்கு 112 லிட்டர், 2 எச்.பி. போதும் என்றோம். தீ பம்ப் நிமிடத்துக்கு 900 லிட்டரை 35 மீட்டர் அழுத்தத்தில் தள்ள வேண்டும். பம்பின் திறன் 60 சதவீதம் என்று வைத்தால் கிட்டத்தட்ட 12 எச்.பி. ஆகிறது. கடையில் கிடைக்கும் அளவில் அதற்கு அடுத்ததை வாங்க வேண்டும்.

அதற்குக் கரண்ட் எங்கிருந்து? தீப்பிடித்தவுடன் யாரோ ஓடிப்போய் மெயினை அணைப்பார், அது சரியான வேலைதான். அப்போது பம்பும் நின்றுவிடக் கூடாது. ஆகவே தீ பம்புக்கு மெயினுக்கு முன்னாலிருந்தே தனி இணைப்பு, தனி கேபிள், கூடவே ஜெனரேட்டர். 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் அடித்தபோது இந்த மாவட்டத்தில் பல ஊர்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. மரமும் மின்கம்பமும் சாலையில் கிடந்தன. மெழுகுவர்த்தியும் மண்ணெண்ணெய் விளக்கும் எரிந்த அந்த இரவுகளில் எத்தனை மாடிகளில் தீ பம்ப் ஓடியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஜெனரேட்டரை லிஃப்டுக்கும் விளக்குக்கும் மட்டும் கணக்குப் போட்டு வாங்குகிறார்கள். 12 எச்.பி. மோட்டார் கிளம்பும் நொடியில் இழுக்கும் கரண்ட் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு. அதையும் சேர்த்து வாங்கச் சொல்லுங்கள்.

ஒரே தொட்டிக்குள் இரண்டு தண்ணீர்

இப்போது எஞ்சினியர் முகம் சுளித்த கதை. மேலே வீட்டுக்கு 14,000 லிட்டர், தீக்கு 25,000. மொத்தம் 39,000 லிட்டர், 39 டன். ஒரு கோயில் யானையை நான்கு டன் என்று வைத்தால் பத்து யானையை மொட்டைமாடியின் ஒரு மூலையில் நிறுத்துவதற்குச் சமம். தொட்டியின் கான்கிரீட் எடை தனி. வரைபடம் முடிந்து, தூண் எழும்பி, பிறகு 'தீத்தொட்டி ஒன்று வேண்டுமாமே' என்று கேட்டால் தூணுக்கு அந்தப் பலம் இருக்காது. அஸ்திவாரம் தோண்டும் முன்னாலேயே தொட்டி எங்கே, எவ்வளவு என்று முடிவாகியிருக்க வேண்டும்.

தொட்டி ஒன்றா இரண்டா? ஒன்று போதும். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம் என்று ஒரு தொட்டி கட்டினால் பரப்பு 20 சதுர மீட்டர். 25,000 லிட்டர் அதில் 1.25 மீட்டர் உயரத்துக்கு நிற்கும். அதற்கு மேல் 70 சென்டிமீட்டர் வீட்டுத் தண்ணீர். தீ பம்பின் உறிஞ்சு குழாயைத் தொட்டியின் அடியில் வைக்க வேண்டும். வீட்டுக்கு இறங்கும் குழாயை அடியிலிருந்து 1.25 மீட்டர் உயரத்தில் எடுக்க வேண்டும். அவ்வளவுதான். வீட்டார் எவ்வளவு இழுத்தாலும் மட்டம் அந்த நாலடிக்கு வந்ததும் குழாயில் காற்றுதான் வரும். கீழே 25,000 அப்படியே இருக்கும். வால்வு இல்லை, பூட்டு இல்லை, அறிவிப்புப் பலகை இல்லை.

இதில் ஒரு குறை உண்டு. கீழே நிற்கும் தண்ணீர் பழசாகிவிடும், பாசி பிடிக்கும். இதற்கும் வழி இருக்கிறது: சம்பிலிருந்து ஏறிவரும் குழாயின் வாயைத் தொட்டியின் அடிவரை, வீட்டுக் குழாய்க்கு எதிர்ப்பக்கமாக இறக்கிவிட்டால் புதுத் தண்ணீர் கீழே நுழைந்து பழையதை மேலே தள்ளும். தினமும் கலந்துகொண்டே இருக்கும். ஆனால் அடிவரை இறங்கும் குழாயில் ஓர் ஆபத்தும் உண்டு. கீழே மோட்டாரின் ஒருவழி வால்வு கெட்டுப்போனால், மோட்டார் நின்றதும் அதே குழாய் வழியே தீத்தண்ணீர் முழுவதையும் சம்புக்கே உறிஞ்சிக் கொண்டுபோய்விடும். தண்ணீர் மட்டத்துக்கு மேலே அந்தக் குழாயில் விரல் நுழைகிற அளவு ஒரு துளை போட்டால் காற்று நுழைந்து உறிஞ்சலை அறுத்துவிடும். இந்தத் துளையைப் பார்த்துவிட்டு 'லீக்' என்று எம்சீல் வைத்து அடைத்த பிளம்பரும் உண்டு. வரைபடத்தில் அம்புக்குறி போட்டு எழுதி வையுங்கள்.

இரண்டு தனித் தொட்டி என்றால் தண்ணீர் முதலில் தீத்தொட்டிக்குள் விழ வேண்டும். அது நிரம்பி, வழியும் தண்ணீர்தான் வீட்டுத் தொட்டிக்குப் போக வேண்டும். வயலில் மேல்மடை நிறைந்து கீழ்மடைக்கு வழிவது போலத்தான். மோட்டாரை நிறுத்தும் மிதவையை வீட்டுத் தொட்டியில் வைத்தால் போதும்.

மீதி விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தரைமட்டத்தில், வாசல் பக்கம், வண்டி வந்து குழாயைச் செருக ஒரு வாய் இருக்க வேண்டும். மேல்தொட்டி தீர்ந்தாலும் வண்டியின் பம்ப் அதன் வழியே மாடிக்குத் தண்ணீர் தள்ளும். அதன் முன் பைக் நிறுத்தவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தெருவின் அகலம், வண்டி திரும்ப இடம் இரண்டையும் மனை வாங்கும்போதே பாருங்கள்.

அனுமதி விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளில் உயர்மாடிக் கட்டடம் என்பது 18.30 மீட்டருக்கு மேல். தேசியத் தொகுப்பிலோ 15 மீட்டரிலேயே தொடங்கிவிடுகிறது. தூண்தளமும் ஐந்து மாடியுமாக 18 மீட்டரில் நிற்கும் நம் கட்டடம் சரியாக இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. 'விதிப்படி உயர்மாடி இல்லை, எனவே தேவையில்லை' என்று சொல்லும் கட்டுநரை நான் ஒத்துக்கொள்வதில்லை. தீக்கு 30 சென்டிமீட்டர் வித்தியாசம் தெரியாது. வரைபடம் பென்சிலில் இருக்கும்போதே தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை அலுவலகத்துக்கு எடுத்துப் போய்க் காட்டிப் பேசிவிடுவது செலவில்லாத வேலை.

அந்தப் பழைய கட்டடத்துக்குத் திரும்புகிறேன். ஐந்தாம் மாடிக் குறைக்குக் காரணம் மெல்லிய குழாயும் குறைந்த மட்டமும். மேல் இரண்டு மாடிக்குத் தனியாகத் தடித்த குழாய் இழுத்து பிரஷர் பம்ப் வைத்தோம். பிறகு சம்பிலிருந்து வரும் குழாயைத் தீத்தொட்டிக்குத் திருப்பி, அதன் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே வழிகுழாய் வைத்து வீட்டுத் தொட்டியோடு சேர்த்தோம். நடுவிலிருந்த வால்வைக் கழற்றி, இரண்டு பக்கமும் அடைப்பு போட்டாயிற்று. அன்று மாலை மோட்டாரைப் போட்டதும் தீத்தொட்டி நிரம்ப நாலு மணி நேரம் ஆனது. வீட்டுத் தொட்டியில் முதல் தண்ணீர் விழும்போது இருட்டிவிட்டது. அதுவரை இரண்டு வீட்டுக்காரர்கள் போன் செய்து சத்தம் போட்டார்கள்.

பிளம்பர் கழற்றிய வால்வைக் கையில் எடைபோட்டுப் பார்த்தார். "நல்ல பித்தள சார். நான் எடுத்துக்கிடட்டா?"

எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.